கார் உருளும்போது உள்ளே இருக்கும் குழந்தைக்கு என்ன நேர்கிறது?

நெடுஞ்சாலையில் ஒரு கார் தடுப்புச்சுவரில் உரசி, நிலைதடுமாறி, மூன்று நான்கு முறை உருண்டு சாலையோரப் பள்ளத்தில் கிடந்தது என்று செய்தி வரும். உடனே இரண்டு பேச்சுகள் கிளம்பும். "ஃபைவ் ஸ்டார் கார்தானே, அப்புறம் எப்படி உயிர் போச்சு?" என்பது ஒன்று. "பெல்ட் போட்டிருந்தா உள்ளேயே நசுங்கியிருப்பாங்க, வெளியே வந்து விழுந்ததாலதான் அந்தக் குழந்தை பிழைச்சுது" என்பது இன்னொன்று.

முதல் கேள்வி நியாயமானது. இரண்டாவது பேச்சு ஆபத்தானது. அதை நம்பி யாரோ ஒருவர் அடுத்த பயணத்தில் குழந்தையைக் கட்டாமலே உட்கார வைப்பார். இரண்டுக்கும் விடை காண, கவிழ்ந்து உருளும் விபத்து மற்ற மோதல்களிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்று பார்க்க வேண்டும்.

கார் ஏன் கவிழ்கிறது?

ஒரு வண்டி எவ்வளவு எளிதில் கவிழும் என்பதை அதன் அகலமும் உயரமும் தீர்மானிக்கின்றன. இடது, வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரத்தில் பாதியை எடுத்து, அதை வண்டியின் ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு இதை நிலைத்தன்மை எண்ணாகப் பயன்படுத்துகிறது. சாதாரண கார்களுக்கு இது 1.3 முதல் 1.5 வரையும், எஸ்யூவிகளுக்கு 1.0 முதல் 1.3 வரையும் இருக்கும். எண் குறையக் குறையக் கவிழும் வாய்ப்பு கூடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். சக்கர இடைவெளி 1.54 மீட்டர், ஈர்ப்பு மையம் 0.70 மீட்டர் உயரத்தில் என்றால் எண் 1.1. அதாவது வண்டியைப் பக்கவாட்டில் அதன் எடையை விடச் சற்றே கூடுதலான விசை தள்ளினால்தான் அது சாயும். காய்ந்த தார்ச்சாலையில் டயரின் பிடிமானம் பொதுவாக வண்டியின் எடையைவிடக் குறைவு. எனவே சமதளச் சாலையில் ஸ்டியரிங்கை வெட்டினால் பெரும்பாலும் கார் சறுக்கும், கவிழாது. சறுக்குகிற சக்கரம் எதிலாவது தடுக்கும்போதுதான் வண்டி புரள்கிறது. சாலையைவிட்டு இறங்கும் ஓரத்து மண், சென்டர் மீடியனின் கல், பாலத்தின் கைப்பிடிச் சுவர் என்று எதுவாகவும் இருக்கலாம். அமெரிக்கப் புள்ளிவிவரப்படி, வேறு வண்டி சம்பந்தப்படாமல் ஒற்றை வண்டி கவிழும் விபத்துகளில் 95 சதவீதம் இப்படித் தடுக்கிக் கவிழ்பவைதான்.

இதிலிருந்து வீட்டில் கவனிக்க வேண்டிய ஒன்று தெரிகிறது. மேலே கேரியரில் பெட்டிகளையும் பாய் மூட்டையையும் கட்டிக்கொண்டு கோயில் பயணம் புறப்படும்போது ஈர்ப்பு மையம் உயர்கிறது, அந்த எண் குறைகிறது. அதே கார், அதே ஓட்டுநர், ஆனால் கவிழும் வாய்ப்பு மட்டும் கூடிவிட்டது.

சறுக்கல் தொடங்கும் கணத்திலேயே தனித்தனிச் சக்கரங்களுக்கு பிரேக் கொடுத்து வண்டியை நேராக்கும் எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், சுருக்கமாக இஎஸ்சி, இந்த இடத்தில்தான் உயிர் காக்கிறது. வண்டி சாலையோர மண்ணுக்குப் போகாமலே அது தடுக்கப் பார்க்கிறது. கார் வாங்கும்போது சன்ரூஃப் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன் இஎஸ்சி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். குழந்தை உள்ள வீட்டில் இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

உருளல் ஏன் வேறு மாதிரியான விபத்து?

நேருக்கு நேர் மோதல் ஏறத்தாழ ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடும். விசை ஒரே திசையில் வரும். முன்பக்க ஏர்பேக் அந்த ஒரு திசைக்காக, அந்த ஒரு கணத்துக்காக விரிந்து உடனே சுருங்கிவிடும்.

உருளும் காரில் நடப்பது வேறு. விபத்து பல நொடிகள் நீடிக்கும். விசை பக்கவாட்டில் தொடங்கும், பிறகு மேல்நோக்கி, பிறகு எதிர்ப்பக்கம், மறுபடியும் மேலே என்று திசை மாறிக்கொண்டே இருக்கும். சுழற்சியில் உடல் வெளிப்பக்கமாகவும் கூரையை நோக்கியும் தள்ளப்படுகிறது. கட்டப்படாத குழந்தை உண்டியலில் குலுங்கும் காசு போலக் கதவு, கூரை, முன்சீட், பக்கத்தில் இருப்பவர் என்று ஒவ்வொன்றிலும் போய் அடிபடுகிறது. முதல் அடியில் தப்பினாலும் அடுத்த அடி காத்திருக்கிறது.

பக்கவாட்டு ஜன்னலை மூடும் கர்ட்டன் ஏர்பேக்குக்கான அமெரிக்க விதியைப் பார்த்தால் இந்த நேரக் கணக்கு தெளிவாகப் புரியும். விரிந்து 1.5 நொடி ஆனபின் ஒருமுறையும், 6 நொடி ஆனபின் மறுமுறையும் தலை அளவு எடையை அதன்மேல் மோதவிட்டுச் சோதிக்கிறார்கள். அந்த எடை ஜன்னல் கோட்டைத் தாண்டி 100 மில்லிமீட்டருக்கு மேல் வெளியே போகக் கூடாது. 6 நொடிக்குப் பிறகும் ஓர் உடல் ஜன்னலை நோக்கி வீசப்படலாம் என்று எதிர்பார்த்தே விதி எழுதியிருக்கிறார்கள்.

வெளியே விழுந்தால் பிழைக்கலாம் என்ற நம்பிக்கை

அமெரிக்காவில் 2010-ல் நடந்த கார், எஸ்யூவி, வேன் விபத்துகளில் கவிழ்ந்தவை 2.1 சதவீதம்தான். ஆனால் இவ்வகை வண்டிகளின் விபத்து மரணங்களில் ஏறத்தாழ 35 சதவீதம் இந்தச் சிறிய பங்கிலிருந்து வந்தது. கவிழ்ந்து இறந்தவர்களில் 69 சதவீதம் பேர் பெல்ட் அணியாதவர்கள். உயிரிழப்பு நேர்ந்த விபத்துகளில் வண்டியைவிட்டு முழுதாக வெளியே வீசப்பட்டவர்களை எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் இறந்திருக்கிறார்கள்.

வெளியே விழுந்து பிழைத்த ஒரு குழந்தையின் கதை ஊரெல்லாம் பரவும், ஏனென்றால் அது அதிசயம். பிழைக்காதவர்களின் கதையை அந்தக் கோணத்தில் யாரும் சொல்வதில்லை. வீசப்படும் உடல் தார்ச்சாலையிலோ மைல்கல்லிலோ மோதும். இல்லையென்றால் இன்னும் உருண்டுகொண்டிருக்கும் அதே காரின் அடியில் சிக்கும்.

குழந்தை எந்த வழியாக வெளியே போகிறது? கதவு திறந்துகொள்ளாவிட்டாலும் வழி இருக்கிறது. முன்பக்கக் கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு படலம் வைத்துச் செய்தது, உடைந்தாலும் ஒட்டிக்கொண்டே நிற்கும். பெரும்பாலான கார்களின் பக்கக் கண்ணாடி டஃபன்டு கிளாஸ். அது முதல் அடியிலேயே பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். அதன்பிறகு அந்த ஜன்னல் ஒரு திறந்த வாசல். பெரியவரின் தோள் சிக்கிக்கொள்ளும் இடைவெளியில் மூன்று வயதுக் குழந்தை முழுதாக வெளியேறிவிடும். சன்ரூஃப் இன்னொரு வாசல். மேலே சொன்ன அமெரிக்க விதிகூடப் பக்க ஜன்னல்களுக்குத்தான், கூரைக் கண்ணாடிக்கு இல்லை. ஓடும் காரில் சன்ரூஃப் வழியாகக் குழந்தையை நிற்க வைத்து வீடியோ எடுப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும். அந்த நிலையில் கார் தடுக்கினால் குழந்தையைப் பிடித்து நிறுத்த எதுவுமே கிடையாது.

மடியில் வைத்துக்கொண்டால் போதாதா? 10 கிலோ குழந்தை, மோதலில் 20 மடங்கு புவியீர்ப்பு விசைக்கு ஆளாகும்போது 200 கிலோ மூட்டையாகிவிடும். எந்தத் தாயின் கையாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. அன்பு குறைவதால் அல்ல, தசைக்கு அந்த வலு கிடையாது. ஒரே பெல்ட்டில் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டால் இன்னும் மோசம், பெரியவரின் எடை முழுவதும் குழந்தையை பெல்ட்டோடு அழுத்தும்.

பெரியவர்களின் பெல்ட் குழந்தைக்குப் பொருந்தாது

காரின் மூன்று முனை பெல்ட் வளர்ந்த உடலுக்காகச் செய்தது. இடுப்பெலும்பு, மார்பு விலா, தோள்பட்டை எலும்பு ஆகிய மூன்று வலுவான இடங்களில் அது படிய வேண்டும். ஐந்து வயதுக் குழந்தையை வெறும் பின்சீட்டில் உட்கார வைத்து பெல்ட் போட்டுப் பாருங்கள். சீட்டின் ஆழம் தொடையைவிட நீளம், கால் மடங்க இடமில்லை. குழந்தை வசதிக்காக முன்னால் நழுவும். கீழ்ப்பட்டை இடுப்பெலும்பைவிட்டு வயிற்றுக்கு ஏறும். மேல்பட்டை கழுத்தில் உரசும். "அம்மா, கழுத்தை அறுக்குது" என்று குழந்தை சொல்லும், அம்மா பட்டையை எடுத்து அதன் முதுகுக்குப் பின்னாலோ அக்குளுக்குக் கீழோ விட்டுவிடுவார். பக்கிள் மாட்டியிருக்கிறது, ஆனால் உடம்பின் மேல்பாதியைப் பிடித்திருப்பது எதுவும் இல்லை.

அந்த நிலையில் கார் உருண்டால் தலை கூரைக்கும் கதவுக்கும் தாராளமாகப் போய்வரும். வயிற்றில் ஏறிய பட்டை குடலையும் கீழ் முதுகெலும்பையும் சேதப்படுத்தும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பெல்ட் சுருளும் பெட்டிக்குள் வண்டியின் சாய்வையும் உலுக்கலையும் உணரும் ஒரு சிறு பூட்டு இருக்கிறது. கார் சாயத் தொடங்கியதும் அது பூட்டிவிடும். ஆனால் பூட்டுகிற நேரத்தில் பட்டையில் எவ்வளவு தொய்வு இருந்ததோ அது அப்படியே இருக்கும். நேர்மோதலில் உடல் பட்டையை நோக்கிப் பாய்வதால் சிறு தொய்வைச் சமாளித்துவிடலாம். உருளலில் உடல் கூரையை நோக்கிப் போகும்போது அதே தொய்வு வழியாகத் தோள் வெளியே வந்துவிடும்.

சைல்டு சீட் இங்கே என்ன வேலை செய்கிறது?

குழந்தையைக் காரின் உடற்கூட்டோடு ஒன்றாக்குவதுதான் அதன் வேலை. கார் எந்தத் திசையில் திரும்பினாலும் குழந்தையும் அதனோடு சேர்ந்து திரும்ப வேண்டும், தனியாக நகரக் கூடாது. இதற்கு இரண்டு இணைப்புகள் இறுக்கமாக இருக்க வேண்டும். சீட்டுக்கும் காருக்கும் ஒன்று, குழந்தைக்கும் சீட்டுக்கும் ஒன்று.

1. பின்னோக்கிய சீட். கைக்குழந்தையின் தலை உடலோடு ஒப்பிடும்போது பெரியது, கழுத்து இன்னும் உறுதிப்படாதது. முதுகுப்பக்கம் முழுவதையும் தாங்கும் ஓட்டுக்குள் குழந்தை இருப்பதால் விசை பரவிவிடுகிறது. ஐரோப்பாவின் ஆர்129 விதி 15 மாதம் தாண்டும்வரை பின்னோக்கியே வைக்கச் சொல்கிறது. சீட் அனுமதிக்கும் எடை வரம்புவரை அப்படியே தொடர்வது இன்னும் நல்லது. முன் ஏர்பேக் இயங்கும் நிலையில் முன்சீட்டில் இதை ஒருபோதும் வைக்கக் கூடாது.

2. ஐந்து முனை ஹார்னஸ் உள்ள முன்னோக்கிய சீட். இரு தோள், இரு இடுப்பு, தொடைகளின் நடுவே ஒன்று என்று பட்டைகள் பிடிப்பதால் உருளலில் உடல் மேலே எழும்பாமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஹார்னஸுக்கான எடை வரம்பு தாண்டாத குழந்தையை "பெரியவனாயிட்டான்" என்று அவசரப்பட்டு பூஸ்டருக்கு மாற்றாதீர்கள்.

3. பூஸ்டர். இது குழந்தையை உயர்த்தி, காரின் சொந்த பெல்ட்டைச் சரியான எலும்புகளின்மேல் படிய வைக்கிறது. பிடித்து வைப்பது பெல்ட்தான். எனவே குழந்தை தூங்கிச் சாயும்போது மேல்பட்டை தோளைவிட்டு நழுவுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கங்களில் தாங்கல் உள்ள, முதுகு வைத்த பூஸ்டர் இதில் உதவும்.

4. ஐசோஃபிக்ஸ், டாப் டெதர். ஐசோஃபிக்ஸ் சீட்டின் அடியைக் காரின் இரும்புக் கொக்கியோடு பூட்டுகிறது. டாப் டெதர் என்ற மேல்வார் சீட்டின் தலைப்பகுதியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கிறது. வீடுகளில் அதிகம் மறக்கப்படுவது இந்த மேல்வார்தான். அது இல்லாவிட்டால் கீழே பூட்டியிருந்தும் சீட்டின் மேல்பகுதி ஆடும், குழந்தையின் தலையும் கூடுதலாக நகரும்.

இறுக்கத்தைப் பார்க்க எளிய வழி உண்டு. ஹார்னஸை இழுத்து இறுக்கியபின் குழந்தையின் தோளெலும்புக்கு மேல் பட்டையை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு கையில் வந்தால் இன்னும் தொய்வு இருக்கிறது. ஊட்டி, கொடைக்கானல் போகும்போது இதைத் தவறாமல் செய்ய வேண்டும். தடித்த ஸ்வெட்டருக்கு மேல் பட்டை போட்டால் இறுக்கமாக இருப்பதுபோலத் தோன்றும், ஆனால் உள்ளே பஞ்சு அமுங்கும் அளவுக்கு இடம் இருக்கும். மெல்லிய உடையில் கட்டிவிட்டு மேலே போர்வையைப் போர்த்துங்கள்.

குழந்தையைச் சரியாகக் கட்டிவிட்டு அருகில் தாத்தா பெல்ட் இல்லாமல் உட்கார்ந்திருந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. உருளும் காரில் 60 கிலோ உடல் குழந்தையின்மேல் வந்து விழும். சீட்டுக்குப் பின்னால் தளர்வாகக் கிடக்கும் தண்ணீர் கேனும் எவர்சில்வர் தூக்கும் அப்படித்தான்.

ஸ்டார்கள் எதைச் சொல்கின்றன?

இப்போது அந்த முதல் கேள்விக்கு வரலாம். கார்களை மோதிப் பார்த்து ஸ்டார் தரும் இந்திய மதிப்பீடான, 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப்பில் காரை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் முன்பக்கத்தின் ஒரு பகுதி தடுப்பில் படும்படி மோதுகிறார்கள். பக்கவாட்டில் 50 கி.மீ. வேகத்தில் ஒரு தள்ளுவண்டித் தடுப்பை மோதவிடுகிறார்கள். மூன்று ஸ்டாரும் அதற்கு மேலும் பெற, 29 கி.மீ. வேகத்தில் கம்பத்தில் பக்கவாட்டாக மோதும் சோதனையும் இஎஸ்சியும் வேண்டும். குழந்தைகளுக்கான மதிப்பெண் மொத்தம் 49. ஒன்றரை வயது, மூன்று வயதுக் குழந்தைகளின் அளவிலான பொம்மைகளைச் சைல்டு சீட்டில் கட்டிவைத்துத்தான் சோதிக்கிறார்கள்.

இதில் இரண்டு விஷயங்கள் கவனிக்க வேண்டியவை. ஒன்று, காரை உருட்டிப் பார்க்கும் சோதனை இதில் கிடையாது. இஎஸ்சியும் பக்கவாட்டுத் தலைப் பாதுகாப்பும் மறைமுகமாக உதவும், அவ்வளவுதான். இரண்டு, குழந்தைப் பாதுகாப்புக்கான மோதல் சோதனை மதிப்பெண் சீட்டில் கட்டப்பட்ட பொம்மைக்குக் கிடைத்தது. சீட் வாங்காத குடும்பத்துக்கு அந்த ஸ்டார் எந்த உறுதியும் தரவில்லை. ஷோரூமில் இதை எடுத்துச் சொல்ல வேண்டியது விற்பவரின் பொறுப்பு என்றே நினைக்கிறேன்.

சைல்டு சீட்டுக்கான விதிகளில் உருளல் பற்றி எதுவும் இல்லையா என்றால், இருக்கிறது. ஐரோப்பாவின் பழைய ஆர்44 விதியில் பொம்மையைக் கட்டிய சீட்டைத் தலைகீழாகச் சுழற்றுகிறார்கள். பொம்மை விழக் கூடாது, தலை 300 மில்லிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. ஆனால் அந்தச் சுழற்சி நொடிக்கு சில பாகை என்ற மிக மெதுவான வேகத்தில் நடக்கிறது, சாலையில் உருளும் காரின் உலுக்கல் அதில் இல்லை. அமெரிக்காவிலோ தலைகீழாகத் திருப்பும் சோதனை, விமானத்திலும் பயன்படுத்தச் சான்று பெறும் சீட்டுகளுக்கு மட்டும்தான். ஆகவே எந்த ஊர்ச் சான்றும் உருளலுக்கு முழு உத்தரவாதம் அல்ல. இருந்தும், தலைகீழாகத் தொங்கவிட்டுப் பார்க்கப்பட்ட சீட்டும் அந்தச் சான்றே இல்லாமல் விற்கும் மெத்தை வைத்த துணிப்பையும் ஒன்றல்ல. ஆர்44 சீட்டில் ஆரஞ்சு நிற லேபிளும், வட்டத்துக்குள் ஆங்கில ‘ஈ’ எழுத்தோடு ஓர் எண்ணும் இருக்கும். சைல்டு சீட்டுக்கான இந்தியத் தரநிலை ஏஐஎஸ்-072.

சட்டம் எங்கே நிற்கிறது?

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குட்பட்ட குழந்தையை சீட் பெல்ட்டில் அல்லது சைல்டு சீட்டில் கட்டாமல் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. அந்த ‘அல்லது’தான் ஓட்டை. நான்கு வயதுக் குழந்தையைப் பெரியவர்களின் பெல்ட்டில் கட்டினாலே சட்டத்துக்குப் போதும். வயிற்றில் ஏறி கழுத்தை அறுக்கும் அந்த பெல்ட்டைப் பற்றி மேலே பார்த்தோம். உயரத்தை வைத்து, இந்த அளவுவரை குழந்தை இருக்கை கட்டாயம் என்று சட்டம் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். 2022-ல் இந்தியாவில் பெல்ட் அணியாததால் இறந்தவர்களாகச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்கிட்டது 16,715 பேரை. அதில் ஏறத்தாழ பாதி, 8,331 பேர், ஓட்டுநர்கள் அல்ல, பயணிகள்.

பள்ளி வேன், சுற்றுலா வேன்

அமெரிக்காவில் 15 பேர் அமரும் வேன்களை ஆராய்ந்தபோது, 10 பேரோ அதற்கு மேலோ ஏற்றிய வேன் ஒற்றை வண்டி விபத்தில் கவிழும் விகிதம், குறைவாக ஏற்றிய வேனைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று தெரிந்தது. ஆட்கள் ஏற ஏற ஈர்ப்பு மையம் உயர்ந்து பின்னுக்கும் போகிறது. பள்ளிக் குழந்தைகளைத் திணித்து ஓடும் வேன்களுக்கு இதே இயற்பியல்தான். பேருந்துகளுக்காவது கவிழ்ப்புச் சோதனை ஒன்று இருக்கிறது. ஐரோப்பாவின் ஆர்66 விதிப்படி 800 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து பேருந்தைப் பக்கவாட்டில் சாய்த்து கான்கிரீட்டில் விழவிட்டு, உள்ளே உயிர் தப்ப இடம் மிஞ்சுகிறதா என்று பார்க்கிறார்கள். இந்தியாவில் அதற்கு ஏஐஎஸ்-031 இருக்கிறது. கூடு நசுங்காவிட்டாலும் பெல்ட் இல்லாத குழந்தைகள் உள்ளே ஒருவர்மேல் ஒருவர் விழுவதை அந்தச் சோதனை தடுக்காது.

கார் கவிழ்ந்து நின்றபின்

உதவப் போகிறவர்கள் பதற்றத்தில் செய்யும் பிழை ஒன்று உண்டு. தலைகீழாகத் தொங்கும் குழந்தையின் பக்கிளை முதலில் அழுத்திவிடுவார்கள். குழந்தை தலைகுப்புற விழும், அதுவரை தப்பியிருந்த கழுத்து அங்கே அடிபடும்.

1. முதலில் இன்ஜினை அணைத்து, பெட்ரோல் வாடையோ புகையோ வருகிறதா என்று பாருங்கள். 108-க்கு ஒருவர் அழைக்கட்டும்.

2. தீ ஆபத்து இல்லை, குழந்தை மூச்சு விடுகிறது என்றால், ஆம்புலன்ஸ் வரும்வரை சீட்டிலேயே தலையையும் கழுத்தையும் அசையாமல் தாங்கிப் பிடித்திருப்பது நல்லது.

3. உடனே எடுத்தே ஆக வேண்டும் என்றால் இருவர் வேண்டும். ஒருவர் குழந்தையின் தோளையும் தலையையும் தாங்கிக்கொண்ட பிறகே மற்றவர் பக்கிளை விடுவிக்கவோ பட்டையை அறுக்கவோ வேண்டும்.

4. உதவினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டிவருமோ என்று தயங்க வேண்டாம். 2019-ல் திருத்தப்பட்ட அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவர்களுக்குப் பாதுகாப்பு தருகிறது.

உருண்ட காரில் இருந்த சைல்டு சீட்டைக் கீறல்கூட இல்லை என்றாலும் மறுபடி பயன்படுத்தக் கூடாது. சீட்டின் ஓட்டுக்குள் விழுந்த விரிசலும் பட்டையின் நீட்சியும் கண்ணுக்குத் தெரியாது. பழைய சீட்டை ஆன்லைனில் குறைந்த விலைக்கு வாங்குபவர்கள் இதனால்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அது எந்தக் காரில் இருந்தது, அந்தக் காருக்கு என்ன ஆனது என்று விற்பவரிடம் கேளுங்கள். நம்பும்படியான பதில் வரவில்லையென்றால் வாங்காதீர்கள்.